இரண்டாம் நாள்தான் வருவேன்

சந்திரப் புத்தாண்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான். நான் கொட்டகையில் உட்கார்ந்து சிப்பி பிளந்துகொண்டிருந்தேன். ஒரு கையில் கத்தி, இரண்டு கையுறையிலும் சேறு. பக்கத்து முக்காலியில் இருந்த ஆ-மான்தான் என் பையிலிருந்து போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்தாள். கொட்டகையில் இருந்த ஆறு பெண்களும் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நல்லதாகத்தான் போயிற்று.

என் அண்ணன் கோ-சுவான் போனில் பேச மாட்டான், உத்தரவு போடுவான்.

“முந்தின நாள் ரெண்டு மணிக்கெல்லாம் வந்துரு. கோழி ரெண்டு அவிக்கணும், மீன் முழுசா பொரிக்கணும். அப்பாவுக்கும் முன்னோருக்கும் அஞ்சு மணிக்குப் படையல். சிப்பி பெருசா பார்த்து அஞ்சு கிலோ கொண்டா. தனியா வா.”

“இந்த வருஷம் அன்னிக்கு வரல அண்ணா. எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. கல்யாணமானவ ரெண்டாம் நாள்தான் பொறந்த வீட்டுக்கு வருவா. மத்தியானம் வரோம். ரெண்டு பேரா.”

கொட்டகையில் கத்திகள் நின்றுவிட்டன.

“அதெல்லாம் ஒரு கல்யாணமா?”

“பதிவு ஆபீஸ்ல கேட்டுப் பாரு.”

“ஆபீஸ்ல எழுதிட்டா ஆயிருமா? இந்த வீட்டுல நீ கல்யாணம் ஆகாதவ. ஆகாதவ முந்தின நாள் வந்து சமைக்கணும். வரலைன்னா ரெண்டாம் நாளும் வராத, என்னிக்கும் வராத. அம்மாவப் பார்க்கலாம்னு கனவு காணாத.”

வைத்துவிட்டான். ஆ-மான் போனைத் துடைத்து என் பையில் போட்டாள். “உங்கண்ணன் கல்யாணத்தக் காப்பாத்துறானா, சமையல்காரியக் காப்பாத்துறானா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. சக்கர நாற்காலியில் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். அவள் அந்த வீட்டில் இருக்கிறாள், வீட்டுச் சாவி அண்ணனிடம் இருக்கிறது. அவன் எங்கே பிடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் பிடித்திருந்தான்.

எங்கள் தோங்ஷி கடற்கரையில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். கல்யாணமான பெண் புத்தாண்டுக்கு முந்தின நாளும் முதல் நாளும் பிறந்த வீட்டில் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் அந்த வீட்டு அதிர்ஷ்டத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவாள், வீடு ஒன்றுமில்லாமல் போய்விடும். இரண்டாம் நாள் புருஷனோடு வரலாம். அன்றைக்கு அவள் விருந்தாளி, சோறு அவளைத் தேடி வரும். மாப்பிள்ளைக்குப் பெரிய நாற்காலி. கல்யாணமாகாதவளுக்கு எல்லா நாளும் ஒரே இடம், அடுப்படி.

நான் முப்பத்தொரு வருஷம் அந்த அடுப்படியில் நின்றேன். முந்தின நாள் படையலுக்குச் சமைத்தேன். முதல் நாள் மிச்சத்தைச் சூடு பண்ணினேன். இரண்டாம் நாள் காலையில் அண்ணி ஷியூ-ஃபெங் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு, பரிசுப் பெட்டிகளோடு, புதாயில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு யார் சமைப்பது? நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்ததால்தான் அவர்கள் கல்யாணம் சுகமாக ஓடியது. இதை அண்ணன் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததில்லை.

ஜின்-யே என் வாழ்க்கைக்குள் வந்தது படகு எஞ்சின் வழியாக. இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் சிப்பித் தெப்பத்தின் எஞ்சினைப் பழுதுபார்க்க வந்தாள். எஞ்சின் சரியாயிற்று, அவள் போகவில்லை. அன்றிலிருந்து ஒரே வீடு, ஒரே தெப்பம், ஒரே சோறு. ஊருக்கெல்லாம் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். அண்ணன் வாயில் அவளுக்குப் பெயரே கிடையாது. “அந்த ஆள்” என்பான். எதிரே நின்றாலும் என்னைப் பார்த்துத்தான் பேசுவான்.

எங்களைப் போன்றவர்கள் கட்டிக்கொள்ளச் சட்டம் வேண்டுமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தபோது, கடல் தெய்வம் மாஸுவின் கோவில் கமிட்டியில் இருந்த அண்ணன் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தான். பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொண்டால் கல்யாணம் என்ற ஏற்பாடே சரிந்துவிடும், முன்னோருக்குச் சோறு வைக்க ஆளிருக்காது என்று அதில் போட்டிருந்தது. கூச்சமே இல்லாமல் எங்கள் வீட்டுக்கும் வந்து ஒன்று கொடுத்தான். ஜின்-யே டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் போனான். வாக்கெடுப்பில் அவன் பக்கம் ஜெயித்தது. ஆனால் கட்டிக்கொள்ளலாம் என்று நீதிபதிகள் அதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டதால், போன மே மாதம் சட்டம் வந்தே விட்டது. முதல் வாரமே போய்ப் பதிவு செய்தோம். ஆ-மானும் அவள் புருஷனும் சாட்சிக்கு முத்திரை குத்தினார்கள்.

கல்யாணம் என்ற ஏற்பாட்டைப் பற்றி அண்ணனுக்கு இருந்த அக்கறையை நான் அப்பா செத்தபோதே பார்த்துவிட்டேன். அப்போது எனக்கு நாற்பது வயது. கல்யாணமாகாத பெண் செத்தால் அவள் பெயரைக் குடும்பப் பூசை மேடையில் வைக்கக் கூடாது, அதனால் மலைமேல் ஒரு கோவிலில் உனக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன் என்று என்னிடம் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். உயிரோடிருக்கும்வரை அடுப்படி, செத்தால் மலை. வீட்டின் நடுக்கூடம் எனக்கு எப்போதும் இல்லை.

போன் வந்த அன்று சாயங்காலம் ஜின்-யேயிடம் சொன்னேன். அவள் எஞ்சின் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள்.

“போய்ட்டு வா. அம்மா முக்கியம். ஒரு நாள்தானே.”

“இருபத்திமூணு வருஷமா ஒரு நாள்தானே, ஒரு நாள்தானேங்கிற.”

“எனக்கு ஒண்ணும் இல்ல யூ-லியன். நான் டிவி பார்த்துட்டு இருப்பேன்.”

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த வீட்டில் பன்னிரண்டு வகை சமைத்து, கழுவி, துடைத்துவிட்டுத் திரும்பி வரும்போது எங்கள் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு சின்னச் சட்டி கிடக்கும். பாக்கெட் நூடுல்ஸும் ஒரு முட்டையும் கொதித்த சட்டி. ஊரே குடும்பத்தோடு வட்ட மேசையில் உட்காருகிற நாளில் என் மனைவி சாப்பிட்டது அது. இருபத்திரண்டு வருஷம் அந்தச் சட்டியைக் கழுவியிருக்கிறேன்.

“சரி, போறேன்,” என்றேன். “எனக்குக் கல்யாணம் ஆகலைங்கிறான்ல, அவன் பேச்சையே கேட்டுப் போறேன். சமைக்க இல்ல, சாப்பிட. வயிறு முட்டச் சாப்பிடுவேன். நீ வண்டி ஓட்டு.”

ஜின்-யே என்னைப் பார்த்தாள். “சண்டை போடப் போறியா?”

“ஆமா.”

“ஹெல்மெட் போட்டுக்கோ,” என்றாள். அவள் பேச்சு அவ்வளவுதான்.

புத்தாண்டுக்கு முந்தின நாள் மூன்று மணிக்கு அண்ணன் வீட்டு வாசலில் இறங்கினேன். கதவின் இரு பக்கமும் புதுச் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் வாசலில் மேசை போட்டுப் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜின்-யே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஐந்து கிலோ சிப்பியோடு கதவைத் தட்டினேன்.

அண்ணி ஈரக் கையோடு திறந்தாள். என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், ஸ்கூட்டரைப் பார்த்தாள். வழி விடவில்லை.

“இன்னிக்கு ஏன் வந்த?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அண்ணன் வரச் சொன்னான்.”

“அவரு சொல்லுவாரு. உனக்குக் கல்யாணம் ஆயிருச்சுல்ல?”

“ஆகலைங்கிறானே.”

“நான் பார்த்தேன் யூ-லியன். பையன் கடைக்கு லைசென்ஸ் எடுக்கப் போன மாசம் குடும்பப் பதிவு நகல் வாங்கினேன். உன் பேரு இன்னும் எங்க பதிவுலதானே இருக்கு. உன் பேருக்கு நேரா, துணைங்கிற கட்டத்துல, அவ பேரு அச்சடிச்சிருக்கு. நம்ம வீட்டுத் தாள்லயே இருக்கு.” “கடை ஆறாம் நாள் திறக்குது. இன்னிக்குப் பார்த்து நீ உள்ள வந்து சாப்பிட்டா என்ன ஆகும்?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அண்ணனோடு மோத வந்திருந்தேன். ஆனால் வாசலை மறித்துக்கொண்டு நின்றவள் என் கல்யாணத்தை அவனைவிட முழுசாக நம்பினாள். பயத்தால்தான் நம்பினாள். எதனால் நம்பினால் எனக்கென்ன?

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. “வந்துட்டாளா? உள்ள வரச் சொல்லு, தண்ணி கொதிக்குது.”

“வர முடியாது,” என்றாள் அண்ணி திரும்பாமலே. “கல்யாணமானவ இன்னிக்கு வாசப்படி தாண்டக் கூடாது.”

கையில் ஊதுபத்தியோடு அவன் வந்தான். “அது கல்யாணமே இல்லன்னு எத்தன தடவ சொல்றது? உள்ள விடு.”

“சட்டம் சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. உங்க நோட்டீஸ நானும்தான் வீடு வீடாக் கொடுத்தேன். ஆனா எழுதினது எழுதினதுதான். பையன் பொழப்ப வெச்சு விளையாட மாட்டேன்.”

“அப்ப கோழிய யாரு அவிக்கிறது?”

எதிர் வீட்டில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணன் முகம் கதவுத் தாளைவிடச் சிவந்தது. நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு காலை வாசற்படியில் வைத்தேன். தெருவுக்கே கேட்கட்டும் என்றுதான் பேசினேன்.

“அண்ணி, இந்த வீட்டுல அண்ணன் பேச்சுதானே பேச்சு. நான் வரேன். ரெண்டு கிண்ணம் சாப்பிடுறேன், மூணாவதும் சாப்பிடுறேன். கல்யாணம் ஆகாதவ சாப்பிட்டா வீட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லையே. அண்ணா, நீ ஒரே ஒரு வார்த்த சொல்லு. ‘என் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகல, உள்ள வா’ன்னு சத்தமா சொல்லு. அடுத்த நிமிஷம் அடுப்படில நிப்பேன்.”

அண்ணன் வாயைத் திறந்தான். வாரக்கணக்காக, மாதக்கணக்காக அவன் சொல்லிக்கொண்டு திரிந்த வார்த்தைதான் அது. கோவிலில் சொன்னான், மீன் சந்தையில் சொன்னான், போனில் ஆறு பெண்கள் கேட்கச் சொன்னான். இப்போது சொல்ல வேண்டியதுதானே. அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் என்னைப் பார்த்தான், பிறகு வாசற்படியில் இருந்த என் காலைப் பார்த்தான்.

“கால எடு,” என்றான்.

“என்ன?”

“கால எடுங்கிறேன். ரெண்டாம் நாள் வா.”

எடுத்தேன். அண்ணி கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. முப்பத்தொரு வருஷம் அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறந்துதான் இருந்தது, வேலைக்காரிக்குத் திறந்திருக்கிற மாதிரி. இன்றைக்கு முகத்தில் அறைந்து சாத்தினார்கள். இவ்வளவு மரியாதையை அந்த வீடு எனக்கு அதற்கு முன் ஒரு நாளும் செய்ததில்லை. நடுத்தெருவில் நின்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஜின்-யே பயந்துபோய் ஓடி வந்தாள்.

“துரத்திட்டாங்களா?”

“ஆமா. கல்யாணமானவன்னு சொல்லித் துரத்திட்டாங்க.”

அன்றைக்கு எங்கள் வீட்டில், எங்கள் மேசையில், அந்த ஐந்து கிலோ சிப்பியையும் நாங்கள் இரண்டு பேரே சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் போனோம். தெருவில் வாய் தவறிச் சொன்னதை அண்ணன் உள்ளே போய் மாற்றியிருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? அவன் அப்படிப்பட்டவன்தான். அம்மாவைப் பார்க்காமல் திரும்பினால் தாங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சமைக்கிறேன் என்று கெஞ்சப் போவதில்லை. ஜின்-யே பதிவு ஆபீசுக்குப் போட்டுப்போன அதே கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள். பரிசுப் பெட்டி இரண்டு, ஜோடியாக.

கதவு திறந்திருந்தது. அம்மா நடுக்கூடத்தில், பூசை மேடைக்குக் கீழே, தலை வாரி உட்கார்ந்திருந்தாள். அண்ணியைக் காணவில்லை. வழக்கம்போலக் காலையிலேயே புதாய்க்குப் போய்விட்டாளாம். போகும்போது, “விருந்தாளி வர்றாங்க, அரிசி நூடுல்ஸ் ஊறுது,” என்று மட்டும் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். மேசை வெறுமையாக இருந்தது.

“அம்மாவப் பாரு,” என்றான் அண்ணன். “பார்த்துட்டு அடுப்படிக்குப் போ. இன்னும் ஒண்ணும் ஆகல.”

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். பிடித்துவிட்டு மேசையில் போய் உட்கார்ந்தேன். ஜின்-யே பழக்க தோஷத்தில் ஓரத்து முக்காலிக்குப் போனாள். இழுத்துக் கொண்டுவந்து, கதவைப் பார்த்தபடி இருக்கும் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தேன். இறந்துபோன அப்பாவுக்கு அப்புறம் அதில் யாரும் உட்கார்ந்ததில்லை, மாப்பிள்ளை என்று ஒருவரும் அந்த வீட்டுக்கு வராததால்.

“காதுல விழலையா?”

“விழுந்துச்சு. நான் விருந்தாளி அண்ணா. முந்தாநாள் கால எடுன்ன, எடுத்தேன். இனி அந்தக் கால் அடுப்படிக்குப் போகாது.”

“பொண்ணும் பொண்ணும் கட்டிக்கிட்டா குடும்பம் கெட்டுப் போகும்னு நான் சொன்னேன்ல? பாரு, சோறு வைக்க ஆளில்ல.”

“நீ இருக்கியே.”

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஏதாவது சொல்லியிருப்பான். அம்மா தன் பாட்டுக்கு, “பசிக்குது கோ-சுவான்,” என்றாள்.

அவன் போனான். அறுபத்தொரு வயதில் என் அண்ணன் முதல் முறையாக அந்த அடுப்படிக்குள் சமைக்கப் போனான். சட்டி விழுந்தது. எண்ணெய் தெறித்தது. “உப்பு எங்க?” என்று கத்தினான். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். வாயைத் திறக்கவில்லை. ஜின்-யே பாதி எழுந்தாள், முழங்காலைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“பாவம்,” என்றாள்.

“ஒரு நாள்தானே,” என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து அரிசி நூடுல்ஸ் வந்தது. ஒரு பக்கம் தீய்ந்து, மறு பக்கம் விறைத்து, எக்கச்சக்க உப்பு. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டாள். ஜின்-யே இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். நான் வளர்ந்த பிறகு அந்த வீட்டில் மற்றவர் கையால் எனக்குப் பரிமாறப்பட்ட முதல் சாப்பாடு. நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். அண்ணனும் அம்மாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தான். நாங்கள் கிளம்பும் சத்தம் கேட்டு எதிர் வீட்டார் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்.

“கோழி எங்க?” என்றாள் அம்மா.

“என்ன கோழி?”

“கல்யாணம் ஆகி முதல் தடவ வந்துட்டுப் போறாங்க. வழிகாட்டுற கோழி கொடுக்காமலா அனுப்புவ?”

எங்கள் பக்கம் புதுப்பெண் முதல் முறை வந்து திரும்பும்போது ஒரு சேவலையும் ஒரு பெட்டையையும் சிவப்புக் கயிற்றால் கட்டி மாப்பிள்ளை கையில் கொடுப்பார்கள். அந்த வீடு பெருகட்டும் என்று அர்த்தம். அண்ணன் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. கடைசியில் பிடித்துவிட்டோம் என்கிற வெளிச்சம்.

“அதத்தான் அப்பலேருந்து சொல்றேன். சேவலும் பெட்டையும் கொடுக்கிறதுதான் முறை. இதுங்களுக்கு எதக் கொடுக்கிறது? எங்க இடிக்குதுன்னு இப்பவாவது புரியுதா?”

அம்மா அவன் பக்கம் திரும்பினாள். “ரெண்டும் பெட்டையாக் கொடு. முட்டை கூடக் கிடைக்கும்.”

எதிர் வீட்டில் மறுபடி சிரித்தார்கள். அவன் பின்கட்டுக்குப் போனான். கோழிகள் அலறின, அவனும் அலறினான். திரும்பி வந்தபோது முடியெல்லாம் இறகு. கையில் இரண்டு பெட்டைகள், கால்களில் சிவப்புக் கயிறு. முறைப்படி மாப்பிள்ளை கையில்தான் கொடுக்க வேண்டும். அவன் ஸ்கூட்டர் பக்கம் நடந்து போய், ஜின்-யே முன்னால் நின்று, நீட்டினான்.

“முட்டை வைக்கிறதுங்க,” என்றான். “அடிச்சுக் குழம்பு வெச்சுராத.”

இருபத்துமூன்று வருஷத்தில் அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு.

“சரி மச்சான்,” என்றாள் ஜின்-யே.

அண்ணன் வாயைத் திறந்தான். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, அம்மாவும். நானும் தயாராகத்தான் நின்றேன், அவன் ஒரு வார்த்தை சொன்னால் பத்துச் சொல்ல.

“மெதுவா ஓட்டு,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான், பாத்திரம் கழுவ.